பக்கத்து வீட்டு வாசலுக்குக் குரைத்த நாய்

திண்டுக்கல்,
9.7.2024

என் பானு அக்காவுக்கு,

பொன்னழகு எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் ராசுவும் இங்கே சுகம். உங்கள் காதுக்கு மெட்ராஸ் டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கடிதம், அதிலும் பாதி மருமகள் வாங்கிய மிக்ஸியைப் பற்றி. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. மெசேஜில் ரோஜாப்பூப் படம் அனுப்புவதோடு உங்கள் வேலை முடிந்தது. அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன்.

இங்கே பெரிய சங்கதி. நம் ராசு மேல் புகார். உங்கள் வீட்டில் குடியிருக்கிற ஜீவிதாவும் அவள் புருஷன் முகேஷ்குமாரும் மாநகராட்சிக்கு ஆன்லைனில் எழுதிப் போட்டுவிட்டார்கள். "பக்கத்து வீட்டு நாய் நாள் முழுவதும் எங்கள் வாசலைப் பார்த்தே குரைக்கிறது" என்று. நோட்டீஸ் வந்திருக்கிறது. சுகாதார ஆய்வாளர் விசாரணைக்கு வருவாராம்.

அவர்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் கேட்டில் திருடனே நின்றாலும் ராசு கொட்டாவி விடுவான். உங்கள் கேட்டில் ஆள் நிழல் விழுந்தால் போதும், கச்சேரி ஆரம்பம். அவர்களுக்கோ பார்சல்காரன், சாப்பாட்டுக்காரன், தண்ணீர் கேன்காரன் என்று நாளைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். முகேஷுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, கையில் ஆறு மாதக் குழந்தை. குழந்தை கண்ணை மூடும், ராசு வாயைத் திறப்பான்.

நாம் பழக்கியதுதானே அக்கா? கேஸ்காரர் மூன்று தடவை பெல் அடித்துவிட்டு உங்களுக்குக் கேட்காமல் திரும்பிப் போனாரே, அந்த வாரம் ஆரம்பித்தோம். உங்கள் வாசலுக்கு ஆள் வந்து இவன் குரைத்தால் ஒரு பொறை ரொட்டி. பொறைப் பாக்கெட் வாங்கி வைப்பது நீங்கள், ஊட்டுவது நான். தொழுகைத் துணியில் அவன் மூக்கு பட்டுவிடும் என்று நீங்கள் எட்டடி தள்ளியே நிற்பீர்கள். அவன் குரைத்ததும் நான் உங்கள் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே சுவரோரம் வந்து நின்று கையைக் காட்டுவேன். தோளில் கை வைத்தால் கேஸ், நெற்றியில் வைத்தால் தபால், வயிற்றைத் தடவினால் மீன்காரி. நான்கு வருஷம் உங்கள் மகன் இஷாக்குக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. இப்போது இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் கடைசியில் அவர்களுடைய அக்ரிமெண்ட் முடியும், நீங்கள் திரும்பி வரலாம் என்று இஷாக் சொல்லியிருக்கிறான் அல்லவா? அதை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் முகம் இல்லாமல் எனக்குப் பகலே ஓட மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் விடிவதற்கு முன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருகிறார். இவனிடம் எவ்வளவுதான் பேசுவது?

விசாரணையில் என்ன சொல்ல? உடனே எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பொன்னழகு


மேடவாக்கம், சென்னை
18.7.2024

அருமைத் தங்கச்சி பொன்னுவுக்கு,

நசீம் பானு எழுதுகிறேன். அல்லாஹ் கிருபையில் உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேறு என்ன வேலை எனக்கு?

காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் தட்டு விழுவது இடி விழுவது மாதிரி இருக்கிறது. ஆள் பேசுவது மட்டும் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி. டாக்டர் பழகப் பழகச் சரியாகும் என்கிறார். அவருக்கென்ன, அவர் காது நன்றாக இருக்கிறது.

இது நாலாவது மாடி. லிஃப்ட் பக்கத்தில் சங்கத்துக்காரர்கள் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் மிக்ஸி கூடாது, பிள்ளைகள் நடையில் ஓடக் கூடாது, நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. படித்துவிட்டுச் சிரித்தேன். எனக்கு எதற்கு இந்தச் சட்டம்? ஒரு சத்தமாவது கேட்டால் போதும் என்றிருக்கிறேன். மருமகள் அஃப்சானா நல்ல பிள்ளை, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பேசும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறாள். நீதான் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை அசைத்து அசைத்துப் பேசுவாய். அப்படி இங்கே யாரும் இல்லை. மத்தியானம் அடுப்படி ஜன்னலில் போய் நிற்கிறேன். எதிரே முழுக்க ஏசிப் பெட்டிகள்.

ராசுவைத் திருத்தாதே. சொல்லிவிட்டேன். மார்ச்சில் நான் வந்தால் எனக்குக் காது வேண்டாமா? அந்த அதிகாரியிடம் என் காதைப் பற்றியும் மூச்சு விடாதே. ஊருக்குள் ஒருத்தி போட்டுக் கொடுத்ததே போதும். "உன் அத்தா கடைசி மூச்சு விட்டு மவுத்தான வீட்டில் என்னைத் தனியாக இருக்க விடுடா" என்று இஷாக்கிடம் எவ்வளவு கெஞ்சினேன். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். எனக்குத் தெரியும், முக்கு வீட்டு அய்யம்மாள்தான். கடைக்குப் போகும்போது கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நான் திரும்பவில்லை என்று முறைத்தவள் அவள். இனி அவள் முகத்தில் முழிக்க மாட்டேன். நீயும் அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா
பானு


திண்டுக்கல்,
6.8.2024

பிரியமுள்ள பானு அக்காவுக்கு,

விசாரணை முடிந்தது. அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

ஆய்வாளர் பெயர் மணிமாறன். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. போனில் சத்தம் அளக்கிற ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் கேட்டில் போய் நின்றார். ராசு விடுவானா? மனிதர் வாங்கிக் கட்டிக்கொண்டார். "எண்பத்திரெண்டு வருதும்மா. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல அம்பத்தஞ்சுதான்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கோலமாவு வண்டி மைக்கைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தது. போனைப் பார்த்தேன், தொண்ணூற்றி நாலு. "ஏன் சார், இதுக்கு நோட்டீஸ் இல்லையா?" என்றேன். "அது வந்து போயிரும்மா, உங்க நாய் இங்கேயேல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாய்க்குன்னு தனிக் கணக்கு இல்ல, பொதுத்தொல்லைன்னு எழுதலாம். நான் எழுதல. ஒரு மாசம் தாரேன், நீங்களே சரி பண்ணுங்க" என்றார். லைசென்ஸ் எடுக்க வேண்டும், வெறிநோய் ஊசிச் சீட்டு வைத்திருக்க வேண்டும், எங்கள் கேட்டை எந்நேரமும் உள்பக்கம் பூட்டியே வைக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அடுத்த நடவடிக்கை. அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"ஏம்மா இது உங்க வாசல விட்டுட்டு அவங்க வாசலுக்குக் குரைக்குது?" என்று கேட்டார் பாருங்கள். தொண்டை வரை வந்தது. நீங்கள் மூச்சு விடாதே என்றதற்காக, "அது புத்தி அப்படி" என்று நாயின் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்து வாலை ஆட்டினான்.

சாயங்காலம் ஜீவிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சண்டைக்குத்தான் வந்தாள் என்று நானும் சேலையை இழுத்துச் செருகினேன். வந்தவள் அழுதுவிட்டாள். "ஆன்ட்டி, இவ செத்த நேரம் தூங்குனாத்தான் நான் குளிக்கவே முடியும். எனக்கு நாய் மேல கோவமில்ல" என்றாள். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. நாம் இரண்டு பேர் நமக்காகச் செய்து வைத்தது, மூன்றாவது ஒருத்தியைப் போட்டு வதைக்கிறது. முகேஷ் இஷாக்குக்குப் போன் பண்ணிக் காலி செய்துவிடுவோம் என்று சொல்லிவிட்டானாம்.

என்ன செய்யட்டும்?

பொன்னழகு


சென்னை
20.8.2024

பொன்னு,

ராசுவை அடக்கு. நானே சொல்கிறேன்.

இஷாக் நேற்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். "அவங்க போயிட்டா பூட்டிப் போட முடியாதும்மா. வித்திரலாம்." இப்போதெல்லாம் வீட்டில் முக்கியமான விஷயத்தைத் தாளில் எழுதித்தான் காட்டுகிறார்கள். கெட்ட சேதியை எழுத்தில் பார்த்தால் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வீடு என் பேரில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போடாமல் எவனும் விற்க முடியாது. இருந்தாலும் மகனோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? அவர்கள் மார்ச் வரை இருக்கட்டும். நான் வந்த பிறகு இவனுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். அதுவரை பொறையை வாயை மூடினால் கொடு.

அடிக்காதே. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்காகத்தான் குரைத்தான்.

பானு


திண்டுக்கல்,
15.9.2024

என் அக்காவுக்கு,

சொன்னபடி செய்துவிட்டேன். முதல் வாரம் என் உயிரை வாங்கினான். குரைத்தால் பொறை என்று வளர்ந்தவன், குரைத்துவிட்டு என் கையைப் பார்க்கிறான், நான் கொடுக்கவில்லை. இன்னும் பலமாகக் குரைக்கிறான். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டான் போல. பிறகு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டான். இப்போது உங்கள் வாசலில் ஆள் வந்தால் எழுந்து நின்று பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், உட்கார்ந்துவிடுகிறான். குழந்தை நன்றாகத் தூங்குகிறது. ஜீவிதா கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். மணிமாறன் வந்து பார்த்துப் புகாரை முடித்துவிட்டார். அவன் அப்படி வாயடைத்து உட்காருவதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்கார்ந்து விட்டுவிட்டேன்.

இஷாக்கிடம் சொன்னது அய்யம்மாள் இல்லை. நான்தான்.

பங்குனி மாதம் நாம் இரண்டு பேரும் பூ வாங்கப் போனோமே, ரோட்டைக் கடக்கும்போது நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன் என்று கோபப்பட்டீர்களே, அன்றைக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. டிரைவர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டான். நீங்கள் அதற்குள் பூக்கடையில் பூவை முழம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு தள்ளி நின்றிருந்தால் உங்களை அள்ளித்தான் எடுத்திருப்பேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கு நாயைப் பழக்கலாம், ரோட்டுக்கு யாரைப் பழக்குவது? மறுநாள் காலையில் இஷாக்குக்குப் போன் போட்டேன். டாக்டரிடம் காட்டுவான் என்றுதான் நினைத்தேன். ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போவான் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

அய்யம்மாள் இன்றும் உங்களை விசாரிக்கிறாள். செய்யாத தப்புக்கு அவள் ஏன் பழி சுமக்க வேண்டும்? திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
பொன்னழகு


திண்டுக்கல்,
2.11.2024

பானு அக்காவுக்கு,

தீபாவளி முடிந்தது. அதிரசம் சுட்டேன், சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டக் கை தானாகப் போனது. ஜீவிதா வாங்கிக்கொண்டாள்.

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டால், "இருந்தா நான் தர மாட்டேனாக்கா?" என்கிறார். கோபமாக இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

பொன்னழகு


சென்னை
24.1.2025

பொன்னு,

நேற்று, வியாழக்கிழமை, நான் திண்டுக்கல்லில் இருந்தேன். உன் வாசலுக்கு வந்தேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். செப்டம்பரில் உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம்தான் இஷாக் வந்து இன்னொரு தாளை நீட்டினான். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது, எங்களுக்கே விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று முகேஷ் கேட்கிறானாம். நாய்ச் சத்தம் நின்றதும் அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. வேறு ஒரு நாள் கேட்டிருந்தால் தாளைக் கிழித்து அவன் மூஞ்சியிலேயே போட்டிருப்பேன். அன்றைக்கு உன் கடிதம் மடியில் கிடந்தது. பொன்னுவே என்னை அனுப்பிவிட்டாள், இனி அந்த வீட்டுக்கு யாரைப் பார்க்கத் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றியது. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவு முடியும் வரை தெருவில் சொல்ல வேண்டாம் என்றான் இஷாக். உனக்கும் சொல்லவில்லை.

கோபம் ரொம்ப நாள் நிற்கவில்லை. போன மாதம் இங்கே ரோட்டைக் கடந்தேன். பைக்கில் வந்த ஒருத்தன் என் சேலையை உரசிக்கொண்டு போய் விழுந்தான். அவன் ஹாரன் அடித்தானாம், ஊரே கேட்டதாம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். உன்னை நினைத்துத்தான் அழுதேன்.

நேற்றுப் பத்திரம் பதிய வந்தோம். கையெழுத்துப் போட்டு முடித்ததும் முகேஷும் ஜீவிதாவும் எல்லோரையும் ஓட்டலுக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நம் சந்து முனையில் இறக்கிவிடச் சொன்னேன். பை, போன், காது மெஷின் எல்லாம் காரிலேயே இருந்தது. உன்னை நேரில் பார்த்து, நீ செய்தது சரிதான்டி என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்தேன். ஒன்பது மாதம் ஆயிற்று உன் முகத்தைப் பார்த்து.

உன் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. பெல்லை அழுத்தினேன். அடித்ததா அடிக்கவில்லையா, எனக்கு எப்படித் தெரியும்? என் வாசலில், இனி என் வாசல் இல்லை, அதன் முன்னால் போய் நின்றேன். ராசு ஓடி வந்தான். சுவரில் இரண்டு காலையும் தூக்கி வைத்தான், உடம்பு முழுக்க ஆட்டினான். என்னை மறக்கவில்லை. இதோ குரைக்கப் போகிறான், பொன்னு வரப் போகிறாள் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வாயைத் திறக்கவில்லை. குரைடா என்று சொன்னேன். கெஞ்சினேன். கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டான். நல்ல பிள்ளையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

உன் பேரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டேன். எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. தெருவே கேட்கிற மாதிரி கத்தினேனோ, உதடு மட்டும் அசைந்ததோ. கால் மணி நேரம் நின்றேன். இஷாக் வந்து தோளைத் தொட்டான், போய்விட்டேன்.

நீ எங்கே போயிருந்தாய்?

பானு


திண்டுக்கல்,
29.1.2025

என் பானு அக்கா,

நான் எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து கரண்ட் இல்லை, பெல் அடித்திருக்காது. நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீங்கள் கூப்பிட்டது கேட்டது அக்கா. உதடு மட்டும் அசையவில்லை, நன்றாகவே கூப்பிட்டீர்கள். "பொன்னு" என்று இரண்டு தரம். உங்கள் குரல்தான் என்று தெரிந்தது. கையில் கீரையோடு எழுந்தும் விட்டேன்.

ஆனால் இந்த ஒன்பது மாதத்தில் அந்தக் குரலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாத்திரம் விளக்கும்போது கேட்கும், துணி காயப்போடும்போது கேட்கும். ஓடிப் போய் ஜன்னலைப் பார்ப்பேன், ஜீவிதா குக்கர் வைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர்கூட, "ஏ பொன்னு, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டார். அதனால் அன்றைக்கும் நின்று காது கொடுத்துப் பார்த்தேன். ராசு குரைக்கவில்லை. ஆள் வந்திருந்தால் அவன் குரைத்திருப்பானே, இதுவும் என் மனசுதான் என்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அவன் வாயை அடைத்ததே நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பாவி நான், வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். இருபது அடி.

ஜீவிதா இனிப்போடு வந்து வீட்டை வாங்கிவிட்டோம் என்று சொன்னாள். நல்ல பிள்ளைகள், நன்றாக இருக்கட்டும். நான் அந்த இனிப்பை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். மார்ச் மார்ச் என்று இருந்தேன், இனி மார்ச் இல்லை. நான் உண்மையை எழுதியதால் போன வீடு அது. எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள், வந்து என்றைக்காவது அந்த ரோட்டைக் கடந்திருப்பீர்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு அழுகைதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ராசுவை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேர்வேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அஃப்சானா கதவைத் திறந்தால் போதும். நான் நேரே உள்ளே வந்து உங்கள் முகத்துக்கு எதிரே நிற்கிறேன்.

பொன்னு